கல்லறைத் தோட்டத்துப் புல்வெட்டி

டெல்பர்ட் ஹேக்கெட் இறந்து மூன்றாம் மாதம், அவனுடைய மீன்பிடிப் படகையும் அதை இழுத்துப்போகிற வண்டியையும் விற்று அவன் மனைவி நோரீன், ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்று வாங்கினாள். அமெரிக்காவின் தெற்கு ஓஹையோவில், ஹார்பர் மேடு மாதிரியான சின்ன ஊரில், இது ஒரு கோடைக்காலம் முழுக்கப் பேசப் போதுமான விஷயம். படகை விற்றது தப்பு என்றார்கள் சிலர். படகு போனால் போகட்டும், அறுபதை நெருங்குகிற பொம்பளைக்கு ஜீரோ டர்ன் எதற்கு என்றார்கள் மற்றவர்கள்.

ஜீரோ டர்ன் என்கிற அந்த வகைப் புல்வெட்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு லீவர். இரண்டையும் முன்னால் தள்ளினால் முன்னால் போகும், இழுத்தால் பின்னால் வரும். ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றும். அப்படிச் சுற்றத் தெரிந்தவனுக்கு மரத்தடி, கல்லோரம், வேலிமூலை எல்லாம் ஒன்றுதான். தெரியாதவனை அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது.

கடையில் நின்றிருந்த விற்பனையாளன் அவளுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தான்.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் இனிமே எங்கயும் வரமாட்டார். நீ வண்டியைக் காட்டு" என்றாள் நோரீன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருடம் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள். குரலை உயர்த்தாமலே காரியம் சாதிக்கப் பழகியவள்.

புல்வெட்டி அவளுக்காக வாங்கியதே இல்லை. மேட்டின் உச்சியில் பெத்தேல் சபையும், அதை ஒட்டி இரண்டரை ஏக்கர் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. பத்தொன்பது வருடமாக அதற்குப் புல் வெட்டியவன் டெல்பர்ட். சம்பளம் இல்லை. யாரும் கொடுக்கவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை. கடைசி வாரத்தில், மருந்து மயக்கத்தில், "இந்த வருஷம் யார் வெட்டுவா?" என்று கேட்டான். "நான் வெட்டறேன், நீ தூங்கு" என்றாள் நோரீன். அப்போதைக்கு அவனைத் தூங்கவைக்கச் சொன்னதுதான். ஆனால் செத்தவனிடம் சொன்ன சொல்லை யாரிடம் போய்த் திருப்பி வாங்குவது? அவனுடைய பழைய புல்வெட்டியோ அந்த வசந்தத்தில் கிளம்பவே மறுத்துவிட்டது.

பின்னால் புல் சேர்க்கிற பைகளையும் சேர்த்து வாங்கியது மேக்சின் ஸ்ட்ரவுட்டினால். மேக்சின், சபை மூப்பர் ஹார்லன் ஸ்ட்ரவுட்டின் மனைவி. டெல்பர்ட்டை அடக்கம் செய்த அன்றே, கையில் காப்பிக் கோப்பையோடு நோரீனிடம் வந்தாள்.

"டெல்பர்ட் இருந்தப்பவே சொல்லணும்னு நெனச்சேன், மனசு கேக்கல. புல்லு வெட்டினதும் எங்க அம்மா கல்லறைக் கல்லுல எல்லாம் அப்பிக்குது நோரீன். காஞ்சு போனா சொரண்டித்தான் எடுக்கணும். இனிமே யார் வெட்டினாலும் அதைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லு."

டெல்பர்ட்டின் மேல் அப்போதுதான் மண் விழுந்திருந்தது. நோரீன் "பாத்துக்கறேன்" என்றாள்.

முதல் வருடம் அவமானத்திலேயே போயிற்று. திரும்புகிற இடத்தில் எல்லாம் பின்சக்கரம் புல்லை வட்டமாகப் பிய்த்தது. ஒரு பழைய கல்லின் மூலையில், கத்தி சுழலும் அடித்தட்டு இடித்து, கைவிரல் அளவுக்குச் சில்லு பெயர்ந்தது. ஈரப்புல்லை வெட்டினால் தட்டிலிருந்து பைக்குப் போகிற குழாய் அடைத்துக்கொள்ளும். இறங்கி, கத்தியை நிறுத்தி, குச்சியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு ஏறினால் இருபதடியில் திரும்ப அடைக்கும். ஜூன் மாதத்தில் ஒருநாள், காலைப் பனித்துளி காயாத சரிவில் வண்டி வழுக்கியது. லீவரை எப்படி இழுத்தும் நிற்காமல், வழுக்கிக்கொண்டே போய்க் கீழேயிருந்த முள்கம்பி வேலியில் முட்டி நின்றது. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு வயதானவர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாட்டைப் பாக்க வந்தியா?" என்றார் அவர்.

எமெட் வாஸ். எழுபது வயது, மனைவி இல்லை, பதினோரு மாடுகள், கறவைக்கு இல்லை, இறைச்சிக்கு. நோரீன் இன்னும் இரண்டு லீவரையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எமெட் வேலிக்கு மேலே எட்டி வண்டியைப் பார்த்தார்.

"பின்னாடி பை நெறஞ்சதும் முன்பக்கம் லேசாயிடுது. அதான் மேட்டுல தூக்குது, பள்ளத்துல வழுக்குது. முன்னாடி கனம் வேணும். இரு வரேன்."

மறுநாள் இரண்டு பழைய இரும்புத் தட்டுகளைக் கொண்டுவந்து, வண்டியின் முன்சட்டத்தில் துளை போட்டு முடுக்கினார். முடித்துவிட்டுப் பையைத் திறந்து கை நிறையப் புல்லை எடுத்து முகர்ந்தார்.

"இதை எங்க கொட்டறே?"

"காட்டோரமா."

"எதுக்கு வீணாக்கறே? வேலிக்கு என் பக்கமா மூலையில கொட்டு. என் மாடுங்க திங்கும்."

"ஒத்துக்குமா?"

"அதுங்க என்ன உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா, போட்டதைக் குறை சொல்றதுக்கு?"

நோரீன் அந்த வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

இரண்டாம் வருடம் வண்டி அவள் சொன்னபடி கேட்டது. அவள் வண்டியாகவே ஆகிவிட்டாள் என்று எமெட் சொல்வார். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு சாண் விட்டு உள்ளே போய், நின்ற இடத்தில் திரும்பி, வெளியே வருவாள். மேலேயிருந்து பார்த்தால் தோட்டம் முழுக்க வெளிர் பச்சையும் அடர் பச்சையுமாகப் பட்டை பட்டையாக ஓடும். சபைக்கு வருகிறவர்கள் காரை விட்டு இறங்கி நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். காதில் அடைப்பானை மாட்டிக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தால், மூன்று மணி நேரத்துக்கு யாரும் அவளிடம் "எப்படி இருக்கே?" என்று தலையைச் சாய்த்துக் கேட்க முடியாது. அது போதுமாக இருந்தது. கல்லறைகளில் வைத்த பிளாஸ்டிக் பூக்கள் காற்றில் பறந்து வந்து கத்தியில் சிக்கும். பையைக் கொட்டும்போது சிவப்பும் நீலமுமாகத் துணுக்குகள் விழும். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிய பிறகுதான் புல்லை வேலிக்கு அப்பால் தள்ளுவாள். வண்டிச் சத்தம் கேட்டாலே மாடுகள் மூலைக்கு வந்து வரிசை கட்டும். அதில் ஒரு கிழட்டுச் செம்மாடு அவள் கையிலிருந்தே தின்னும். அதற்கு ஓப்பல் என்று பெயர்.

எமெட் சில நாள் வேலி மேல் முழங்கையை ஊன்றி நின்று பேசுவார். மகள் டேட்டன் நகரத்தில் இருக்கிறாள், வா வா என்கிறாள், போனால் மாட்டை என்ன செய்வது என்பார். தன் நிலம் போதாமல் ஹார்லன் ஸ்ட்ரவுட்டின் மேட்டுநிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பதையும், அது இல்லாவிட்டால் பாதி மாடுகளை விற்க வேண்டும் என்பதையும் சொல்வார். அதிகம் பேசாத இரண்டு பேருக்கு அது பெரிய நட்புதான்.

மூன்றாம் வருடம் மே மாதக் கடைசியில் அது நடந்தது.

போரில் செத்தவர்களுக்கான நினைவு நாள் வருகிற திங்கட்கிழமை. அந்த வாரக் கடைசியில் எங்கெங்கோ போய்விட்ட பிள்ளைகள் எல்லாம் பூவும் கொடியுமாகக் கல்லறைக்கு வருவார்கள். அதற்குள் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். சபைக் கட்டடத்தின் பக்கச்சுவரை ஒட்டி யூ என்கிற புதர்கள் வரிசையாக நிற்கின்றன. கரும்பச்சையில் ஊசி ஊசியாக இலை, பனிக்காலத்திலும் உதிராது. ஹார்லன் வியாழக்கிழமை மாலை மின்கத்தரியைக் கொண்டுவந்து அவற்றைச் சதுரமாகக் கத்தரித்தார்.

டெல்பர்ட் இருந்தவரை அந்தப் புதர்களைக் கத்தரித்தவன் அவன்தான். கத்தரித்த ஒவ்வொரு துணுக்கையும் கையால் பொறுக்கி, மூட்டை கட்டிக் கொண்டுபோய் எரிப்பான். ஏன் என்று நோரீன் கேட்டதில்லை. அவனுக்கு எல்லாமே சுத்தமாக இருக்க வேண்டும், அப்படிப்பட்ட ஆள் என்று நினைத்திருந்தாள். ஆனாலும் ஏதோ ஞாபகத்தில் வெள்ளிக்கிழமை ஹார்லனுக்குப் போன் செய்தாள்.

"புதர் வெட்டினதெல்லாம் வாரியாச்சா? நாளைக்குக் காலையில வண்டி எடுக்கறேன்."

"எல்லாம் வாரியாச்சு. நீ பாட்டுக்கு வெட்டு" என்றார் ஹார்லன்.

சனிக்கிழமை புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. ஒரு வாரம் மழை. அவள் சுவரோரமாக இரண்டு சுற்று போனபோது குழாய் அடைத்தது. இறங்கிக் குச்சியால் குத்தினாள். பச்சைப் புல்லோடு கரும்பச்சை ஊசிகளும் பிசுக்காக வெளியே வந்து விழுந்தன. ஒருவிதக் கசப்பு வாசனை. நோரீன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பார்த்தது உண்மை. கொஞ்சம் இலை தப்பியிருக்கும் என்று நினைத்தாள். அதற்குள் இரண்டு கார்கள் வந்து நின்று, ஒரு குடும்பம் பூச்சட்டிகளோடு இறங்கிக் கொண்டிருந்தது. இன்னும் பாதித் தோட்டம் பாக்கி. பைகளை வேலிமூலையில் கொட்டினாள், திரும்பினாள், ஏறினாள். எமெட் அன்று மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்தவர்கள் வேலிக்கு அந்தப்பக்கம் எமெட்டின் லாரியையும் கால்நடை வைத்தியரின் வண்டியையும் பார்த்தார்கள். மூன்று மாடுகள் செத்துக் கிடந்தன. தின்ற இடத்திலிருந்து பத்தடிகூடப் போகவில்லை. ஒன்றின் வாயில் புல் இன்னும் இருந்தது. வைத்தியர் வயிற்றைக் கிழித்துக் கையுறையில் ஏந்திக் காட்டினார். ஊசி ஊசியாக யூ இலை. ஒரு கைப்பிடி போதும், மாட்டின் இதயத்தை நிறுத்திவிடும் என்றார்.

செத்ததில் ஒன்று ஓப்பல். நோரீன் சபைக்கு உடுத்திய நல்ல உடையோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எமெட்" என்றாள்.

அவர் திரும்பவில்லை. "அந்தக் குவியலை முதல்ல எடு. மத்த மாடுங்க வந்துடும்" என்றார்.

அவள் அந்த உடையோடேயே வேலிக்குள் புகுந்து, மிச்சமிருந்த புல்லை இரண்டு கையாலும் வாரி, எமெட்டின் லாரியில் கிடந்த சாக்கில் திணித்தாள். உள்ளே சபையில் முதல் பாட்டு ஆரம்பித்திருந்தது.

புதன்கிழமை சபையின் கீழறையில் கூடினார்கள். போதகர் ட்ராய், மூப்பர்கள் மூன்று பேர், எமெட், நோரீன். போதகருக்கு முப்பது வயதிருக்கும், சண்டை என்றால் பயம். மேக்சின் காப்பியும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரலை" என்று தொடங்கினார் ஹார்லன். அப்படித் தொடங்குகிறவர்கள் வேறு எதற்கும் வருவதில்லை. "வியாழக்கிழமை கத்தரிச்சேன். கடைசித் துணுக்கு வரைக்கும் வாரி, என் வீட்டுக் குழியில போட்டேன். அந்த மெஷின் பெருசு. செவுத்தோரமா ஒட்டிப்போனா கெளையைக் கடிச்சு இழுத்துரும். வேணும்னு யாரும் பண்ணலை. பழக்கமில்லாத கை."

"மூணு வருஷமா ஓட்டறேன் ஹார்லன்."

"முதல் வருஷம் டாலிவர் குடும்பத்துக் கல்லு ஒடஞ்சுதே, அப்பவும் யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"நான் போன் பண்ணிக் கேட்டேன்ல? வாரியாச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். வாரினேன், சொன்னேன். எழுபது வயசுல பொய் சொல்லி நான் என்னம்மா கட்டிக்கப் போறேன்?"

நோரீன் அந்த இடத்தில் எழுந்து நின்றிருக்க வேண்டும். வாங்க, போய்ப் புதரைப் பார்ப்போம், கத்தரி பட்ட நுனி எப்படி இருக்கும், என் கத்தி கடித்த நுனி எப்படி இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குச்சியால் குத்தியபோது வெளியே விழுந்த கரும்பச்சை ஊசிகள் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தன. பார்த்தாள், கொட்டினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. தன் பங்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக் கொண்டிருக்கும்போது அடுத்தவன் பங்கை எடுத்துக் காட்ட நாக்கு எழவில்லை.

போதகர் எமெட்டைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க பிரதர்?"

எமெட் தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். "மாடு போச்சு. பேசினா வருமா?" என்றார்.

அவ்வளவுதான். ஜூன் மாதத்திலிருந்து டவுனிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்து வெட்டினார்கள். நோரீனுக்குத் தபாலில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. ஹேக்கெட் குடும்பத்தின் இருபத்திரண்டு வருட ஊழியத்துக்கு நன்றி என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹார்லனின் கையெழுத்து எல்லாவற்றுக்கும் மேலே, அழகாக, சாய்வாக இருந்தது.

நான்காம் வருடம் வண்டிக்குத் தீனி போதவில்லை. அவள் வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர்தான். வளராத புல்லை வாரத்துக்கு இரண்டு முறை வெட்டினாள். குளிர்காலத்தில் பைக்குள் எலி கூடு கட்டியிருந்ததைப் பிரித்தெறிந்து, ஓட்டையைத் தைத்தாள். கத்தியை அவளே கழற்றித் தீட்டினாள். வெட்டின புல்லைக் கொட்ட இடமில்லை. கொட்டகைக்குப் பின்னால் குவித்தாள், அது உள்ளுக்குள் வெந்து புகைந்து நாறியது. பக்கத்துத் தெருவில் ஒருத்தி தோட்டச் செடிக்கு மூடாக்காகப் போடப் புல் வேண்டும் என்று கேட்டு வந்தாள். இரண்டு பை ஏற்றிய பிறகு, காரின் கதவைப் பிடித்துக்கொண்டே தயங்கினாள்.

"தப்பா நெனக்காதே நோரீன். இதுல ஒண்ணும் இருக்காதே? எங்க வீட்டுல நாய் இருக்கு."

நோரீன் இரண்டு பையையும் இறக்கி வைத்துக்கொண்டாள்.

தீவனக் கடையில் அவள் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவன், "கன்னுக்குட்டியை உள்ள கட்டுங்கப்பா" என்பான். சிரிப்பு எழும். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எமெட் அந்த மூலையில் இரண்டாவது வேலி ஒன்று போட்டார், பலகை வேலி, ஆள் உயரத்துக்கு. சாலையில் எதிரே வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். அந்த ஊரில் முன்பின் தெரியாதவனுக்கும் அதைச் செய்வார்கள்.

அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. மூன்று மாட்டைப் பறிகொடுத்த மனிதர், வேறு எப்படி இருப்பார் என்றுதான் நினைத்தாள். இரண்டு வருடம் அப்படி நினைத்துக்கொண்டே அவருக்காக வருத்தப்பட்டாள்.

ஐந்தாம் வருடம் ஜூனில், எமெட்டின் லாரி அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. அவள் வண்டியை நிறுத்திக் காதடைப்பானைக் கழற்றினாள். இடுப்பு விட்டுப்போய் அவர் கோல் ஊன்றி நடந்தார்.

"மாட்டையெல்லாம் வித்துட்டேன். வியாழக்கிழமை டேட்டனுக்குப் போறேன். மக வீட்டுக்கு."

"நல்லது எமெட். உங்களுக்கும் ஒரு துணை வேணும்ல."

"ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்." அவர் அவளைப் பார்க்கவில்லை, வண்டியின் முன்னால் தான் முடுக்கிய இரும்புத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னிக்கு வியாழக்கிழமை நான் மேட்டுநிலத்துல இருந்தேன். ஹார்லன் புதர் வெட்டினதைப் பாத்தேன். மழை கட்டிக்கிட்டு வந்துது. கத்தரியைத் தூக்கி லாரியில போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. வாரவே இல்லை. அப்படியே கெடந்துது."

நோரீன் காதடைப்பானை மடியில் வைத்தாள்.

"அவர் வந்து வாருவாருன்னு நெனச்சேன். இல்ல நீ பாத்து வாருவேன்னு. சனிக்கிழமை எனக்குச் சந்தை."

"கீழறையில உக்காந்திருந்தீங்களே. போதகர் உங்களைத்தானே கேட்டாரு."

"கேட்டாரு."

"அப்பறம்?"

எமெட் கோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உன்னைப் பகைச்சுக்கிட்டா எனக்கு ஒண்ணும் போகாது, நோரீன். அவரைப் பகைச்சா மேட்டுநிலம் போயிருக்கும். எட்டு மாடு மிச்சம் இருந்துது."

அதை அவர் கூச்சத்தோடு சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அவளுக்கு வலித்தது அந்தக் கணக்குத்தான். வேலி மேல் முழங்கையை ஊன்றிப் பேசிய அத்தனை காலையையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, அந்த மேட்டுநிலத்தை இன்னொரு தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். நிறுத்துப் பார்க்க அதிக நேரம்கூட ஆகியிருக்காது.

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?"

"மனசுல கெடந்துது."

"இனிமே என் மனசுல கெடக்கட்டும்னு இறக்கி வச்சுட்டுப் போறீங்க."

எமெட் கோலை ஊன்றித் திரும்பினார். பிறகு லாரியில் ஏறிப் போனார். நோரீன் காதடைப்பானை மாட்டிக்கொண்டு, விட்ட வரிசையிலிருந்து தொடர்ந்து வெட்டினாள். ஆனால் வரிசை கோணிப் போயிற்று.

அந்த ஞாயிறு அவள் பெத்தேல் சபைக்குப் போனாள். வழக்கமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து முடிந்ததும் நழுவிவிடுகிறவள், அன்று நடுவில் உட்கார்ந்தாள். பிரசங்கத்துக்கு முன்னால் ஜெப விண்ணப்பங்கள் கேட்கிற நேரம் ஒன்று உண்டு. ஒருத்தி தன் மருமகளின் முதுகு அறுவைக்காகக் கேட்டாள். ஒருவர் மழைக்காகக் கேட்டார். நோரீன் எழுந்து நின்றாள்.

ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். உண்மையைச் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும், தன்னுடையதை மறைத்துக்கொண்டு ஹார்லனுடையதை மட்டும் சொன்னால் அவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று முடிவு செய்திருந்தாள். அதனால் தன்னுடையதிலிருந்து ஆரம்பித்தாள்.

"எமெட்டோட மாடுங்க செத்த விஷயம். அன்னிக்குக் குழாய் அடைச்சப்ப நான் அந்த இலையைப் பாத்தேன். கையில எடுத்தே பாத்தேன். அவசரத்துல கொட்டிட்டேன். அதை இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலை. அது என் தப்பு."

சபையில் ஒரு பெருமூச்சு பரவியது. முன்வரிசையில் யாரோ "ஆண்டவரே" என்றார்கள்.

"ஆனா அந்த இலை அங்க வந்தது என் வண்டியால இல்லை. ஹார்லன் கத்தரிச்சுட்டு வாராம விட்டுட்டுப் போனதை எமெட் தன் கண்ணால..."

"சிஸ்டர் நோரீன்." போதகர் ட்ராய் மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். கண்கள் நனைந்திருந்தன, நிஜமாகவே. "அது போதும். மத்தவங்க பாரத்தை நீங்க சுமக்க வேண்டாம். உங்க பாரத்தை இறக்கி வச்சீங்க பாருங்க, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்."

"நான் இன்னும் முடிக்கலை."

"தேவன் முடிச்சுட்டார்" என்றார் போதகர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. பக்கத்து வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து அவள் தோளிலும் முதுகிலும் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு கைகள். அத்தனை கைகளின் கனத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் மேக்சின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இப்பதான் உன் முகத்துல களையே வந்திருக்கு" என்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹார்லன் வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றினார்.

"நான் என்னிக்கும் உன்மேல மனசுல வச்சுக்கிட்டதில்லை, நோரீன். மேக்சினைக் கேளு."

"எமெட் உங்களைப் பாத்திருக்காரு ஹார்லன். வியாழக்கிழமை. மழை வர்றதுக்கு முன்னாடி."

ஹார்லனின் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போயிற்று. பிடித்த கையை அவர் விடவில்லை, இன்னும் இறுக்கினார். "பாவம் எமெட். மருந்து ஜாஸ்தியா சாப்பிடறாராம். மக சொன்னா" என்றார், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி. சுற்றி நின்றவர்கள் பாவம் என்று தலையாட்டினார்கள்.

அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நோரீன் தானே எழுந்து நின்று ஒப்புக்கொண்டாளாம், தெரிந்தே கொட்டினாளாம், அழுதாளாம். அவள் அழவில்லை. தீவனக் கடையில் கன்றுக்குட்டி நகைச்சுவை நின்றது. அதற்குப் பதில் கதவைத் திறந்துபிடித்து, "எப்படி இருக்கீங்க?" என்று தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் விதவைக்குச் சாய்த்த அதே தலைகள். அவளுக்குப் பழைய நகைச்சுவையே மேல் என்று இருந்தது. டேட்டனுக்கு எமெட் பெயரில் ஒரு கடிதம் எழுதினாள், அவர் பார்த்ததை இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லி. பதில் வரவில்லை. அவருக்குப் போய்ச் சேர்ந்ததா, மகள் படித்துவிட்டு வைத்துக்கொண்டாளா, தெரியாது.

ஆகஸ்டில் ஹார்லன் அவள் வீட்டுக்கு வந்தார். கையில் தக்காளி ஒரு பை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"கம்பெனிக்காரங்க சரியில்லை. கடமைக்கு வெட்டறானுங்க. மூப்பர்ங்க எல்லாம் பேசினோம். நீ மனசு திருந்தி வந்துட்ட, இனிமே என்ன. அடுத்த வசந்தத்துலேருந்து நீயே பாத்துக்கலாமேன்னு தோணுச்சு. டெல்பர்ட்டுக்கும் அதுதானே சந்தோஷம். பை மட்டும் மாட்ட வேண்டாம், அவ்வளவுதான்."

டெல்பர்ட்டின் பெயரை அவர் எடுத்த இடத்தில் அவளுக்கு ஒரு கணம் தடுமாறியது. கிடைத்தால் போதும் என்றுகூட இருந்தது. மறுபடி அந்தச் சரிவு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நின்று திரும்புகிற அந்த லாவகம், மூன்று மணி நேரத்து மௌனம். சரி என்றால் ஊரும் சரியாகிவிடும். ஒவ்வொரு வாரமும் அந்தப் புதர் வரிசையைத் தாண்டி, மன்னிக்கப்பட்டவளாகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் விலை.

"வண்டியை வித்துட்டேன் ஹார்லன்" என்றாள்.

கொட்டகைக் கதவு திறந்துதான் இருந்தது. அன்று காலை கழுவி நிறுத்திய புல்வெட்டி, லீவர் இரண்டும் விரிந்து, பைகள் பின்னால் காய்ந்துகொண்டு, அவர் நிற்கிற இடத்திலிருந்து நேராகத் தெரிந்தது. ஹார்லன் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வித்துட்டியா" என்றார்.

"வித்தேன், அதான் சொல்றேன். பொய் சொல்லி நான் என்ன கட்டிக்கப் போறேன்?"

அவர் தக்காளிப் பையைப் படியில் வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு காருக்குப் போனார். நோரீன் கார் திருப்பம் வரைக்கும் போவதைப் பார்த்தாள். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை. கீழறையில் அவர் சொன்னதையே சொன்ன வாயில் அவருடைய எச்சில் பட்டதுபோல இருந்தது.

தக்காளி படியிலேயே இருந்து அழுகியது. சனிக்கிழமை அவள் அதைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிவிட்டு வந்து, வண்டியைக் கிளப்பிப் புல் வெட்டினாள்.